விஎஸ் கோடில் ஒரு சிவப்புக் கோடும் இல்லை, அடி விழுவதெல்லாம் சர்வரில்

பிறைத்தம்பி:
வணக்கம். பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஐடி பிரிவில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஆன்சிபிள் பிளேபுக் (சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவிக்கான கட்டளைக் கோப்பு) ஒன்றை ஓட்டினேன். பிழையே இல்லை. பாலம் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் போன்: செயலி எழும்பவில்லை, தன் கான்ஃபிக் கோப்பையே படிக்க அனுமதி இல்லை என்கிறதாம். அந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்ற அனுமதிக்கு நான் எழுதியிருந்தது:

மோட்: 644

சின்டாக்ஸ்-செக் (இலக்கணச் சோதனை) போட்டேன், சுத்தம். விஎஸ் கோட் எடிட்டரில் ஆன்சிபிள் எக்ஸ்டென்ஷனும் (கூடுதல் இணைப்பு) இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப். எடிட்டர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ஈப்போக்காரன்:
தம்பி, முன்னால் சைபர் போட்டு, மேற்கோளுக்குள் '0644' என்று எழுத வேண்டும். வெறும் 644-ஐச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அனுமதி எண் எட்டடிமானத்தில் (0 முதல் 7 வரை இலக்கங்கள்) பார்க்கப்படும்; அதில் அது 1204. கடைசி மூன்று இலக்கங்கள் சொந்தக்காரன், குழு, ஊரார்; 4 என்றால் படிக்கலாம், 2 என்றால் எழுதலாம். அதாவது சொந்தக்காரன் எழுதலாம், படிக்க முடியாது. ஊரார் படிக்கலாம்! யாமல் (பிளேபுக் எழுதும் வடிவம்) இலக்கணப்படி இதில் தப்பே இல்லை, அதனால்தான் சின்டாக்ஸ்-செக் வாய் திறக்கவில்லை. இதைப் பிடிப்பது ஆன்சிபிள்-லின்ட், பிளேபுக்கில் ஆபத்தானதைச் சுட்டிக்காட்டும் தனிக் கருவி.

எடிட்டரின் கீழே வலது மூலையில் என்ன மொழி காட்டுகிறது?

பிறைத்தம்பி:
யாமல்.

ஈப்போக்காரன்:
அதைக் கிளிக் செய்து ஆன்சிபிள் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அந்த எக்ஸ்டென்ஷன் கோப்பைத் தொடவே தொடாது. தினமும் மாற்ற அலுப்பாக இருந்தால், செட்டிங்ஸில் ஃபைல்ஸ் அசோசியேஷன்ஸில் உங்கள் கோப்புறையை எழுதி வையுங்கள்.

பிறைத்தம்பி:
மாற்றினேன் அண்ணா. மாட்யூல் பெயரெல்லாம் நிறம் மாறிவிட்டது. 644 மட்டும் அசையவில்லை. லின்ட்டைக் காணவில்லை என்கிறது.

செந்தூல் அக்கா:
விண்டோஸில் லின்ட் நேரடியாக ஓடாது தம்பி. டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உள்ளே பைத்தான், ஆன்சிபிள்-லின்ட் இரண்டையும் போட்டு, விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் வழியாகக் கோப்புறையைத் திறங்கள். சி டிரைவில் மட்டும் வைக்காதீர்கள், லினக்ஸ் ஹோமுக்கு நகர்த்துங்கள். சி டிரைவ் அங்கே எல்லாரும் எழுதக்கூடிய கோப்புறையாகத் தெரியும். பாதுகாப்பு இல்லை என்று உங்கள் ஆன்சிபிள் கான்ஃபிக்கையே ஒதுக்கிவிடும். இது புரிய எனக்கு அரை நாள் போனது. அப்புறம், அடிக்கோடு வர ஒருமுறை சேவ் செய்ய வேண்டும்.

பிறைத்தம்பி:
வந்துவிட்டது அக்கா! 644-க்கு அடியில் கோடு. கூடவே டாஸ்க் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவில்லை என்று கோப்பு முழுக்கப் புலம்பல்.

செந்தூல் அக்கா:
அந்த விதியை மட்டும் லின்ட் கான்ஃபிக்கில் ஸ்கிப் லிஸ்ட்டில் (பார்க்காமல் விட வேண்டிய விதிகளின் பட்டியல்) போட்டுவிடுங்கள். மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

பிறைத்தம்பி:
சரி அக்கா. இன்னொன்றும் சிக்கியது: போன மாதம் எழுதிய வேறொரு பிளேபுக்கில் மோட்: 755. நல்லவேளை, இன்னும் ஓட்டவில்லை.