வாடகை டைவ் கம்ப்யூட்டர் கட்டிப் போனவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று (சென்னை)

பிப்ரவரியில் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தேன். மதியம் ஒரே ஒரு டைவ், 24 மீட்டர். அன்றைக்கு அதுதான் எனக்கு முதல் டைவ். படகில் ஏறும்போது, ஆழத்தையும் இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்பதையும் காட்டும் வாடகைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கையில் கட்டிவிட்டார்கள்.

கீழே இறங்கி எட்டாவது நிமிடம் இருக்கும். மணிக்கட்டைப் பார்த்தால் என்.டி.எல் 3 என்று காட்டுகிறது, அதாவது வழியில் கட்டாயமாக நின்று நின்று ஏறாமல் மேலே வர இன்னும் மூன்றே நிமிடம். 24 மீட்டரில் எட்டு நிமிடத்துக்குள் எப்படி மூன்றுக்கு வரும்? கைடின் தோளைத் தட்டிக் காட்டினேன். அவர் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒரே ஆழம், ஒரே தண்ணீர். அவர் திரையில் 19, என் திரையில் 3. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 2 ஆனது. அவர் உடனே கட்டை விரலை மேலே காட்டிவிட்டார், மேலே போகலாம் என்று. மெதுவாக ஏறி, 5 மீட்டரில் நின்று, டைவை முடித்தோம்.

படகில் உட்கார்ந்து லாக்கைத் தட்டிப் பார்த்தேன். என் டைவ் அன்றைய மூன்றாவதாகப் பதிவாகியிருந்தது. காலையில் அதே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு யாரோ டிக்சன்ஸ் பினாக்கிளில் 30 மீட்டர் இறங்கியிருக்கிறார், அப்புறம் இன்னொரு டைவும் போயிருக்கிறார். ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து அவர் உடம்பில் ஏறிய நைட்ரஜனை அது என் கணக்கில் சேர்த்துவிட்டது.

எனக்கு ஆபத்து எதுவும் நேரவில்லை. டைவ் சீக்கிரம் முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். காலையில் இரண்டு டைவ் போனவள் நானாக இருந்து, மதியம் யாரும் தொடாத கம்ப்யூட்டரைக் கட்டிவிட்டிருந்தால்? அது என்னைப் புது ஆள் என்று நினைத்து அரை மணி நேரம் கொடுத்திருக்கும். நானும் நம்பியிருப்பேன். மாதங்கள் ஆகியும் அந்த இரண்டு கைகளும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். 25,000 ரூபாய்க்கு மேல் முடியாது. உங்களுக்கு என்ன நடந்தது?

பினாங்கு மீன்

எனக்குக் கண்தான் பிரச்சினை. வயது 52, வெள்ளெழுத்து. முதலில் கைக்கடிகாரம் மாதிரி மெலிதான ஒன்றை வாங்கினேன். ஆபீசுக்கும் கட்டலாம் என்று ஆசை. மலேசியாவில் தியோமான் தீவில் மாலை டைவ், வெளிச்சம் குறைவு, மேலே வருமுன் 5 மீட்டரில் சில நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப். திரையில் இருப்பது 3:00-ஆ, 3:08-ஆ, அது நேரமா, ஆழமா, எதுவும் தெரியவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன், முகமூடிக்கு ஒட்டிப் பார்த்தேன், டார்ச் அடித்தேன். கண்ணாடி பளபளத்து எல்லாம் வெள்ளையாகிவிட்டது. இதையெல்லாம் செய்ததில் என்னை அறியாமல் 3 மீட்டருக்கு ஏறியிருந்தேன். கூட வந்த என் மகள் என் காலில் இருந்த ஃபின்னைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது என்னிடம் இருப்பது மேர்ஸ் பக் புரோ. வட்டமாக, பெரிதாக, ஒரே பொத்தான். ஆபீசுக்குக் கட்டமுடியாது. ஆனால் எண் ஒவ்வொன்றும் நகம் அளவுக்கு இருக்கிறது. கிரெஸ்ஸி லியோனார்டோவும் இதே மாதிரிதான், அதுவும் ஒரே பொத்தான். 40 தாண்டியவர்கள் கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

கரையோரம்

உப்புக்காற்று, உங்களைக் காப்பாற்றியது கைடு. கம்ப்யூட்டர் இல்லை. நான் 60 டைவ் முடித்திருக்கிறேன், சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. நல்ல கைடின் பின்னால் போனால் போதும். 25,000 ரூபாய்க்கு இன்னும் எத்தனையோ டைவ் போகலாம்.

ஐந்து மீட்டர் (புதுச்சேரி)

கரையோரம், கோபப்படாமல் படியுங்கள். கைடின் கம்ப்யூட்டர் அளப்பது கைடின் ஆழத்தை. போன வருடம் ஒருவர் என் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் எனக்குக் கீழே நான்கைந்து மீட்டரில் ஒரு ஆமையின் பின்னால் நீந்துகிறார். என் கையில் 19 மீட்டர், அவர் இருந்தது 24-இல். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் டேபிளில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் என்று படித்திருப்பீர்கள். ஆழம் கொஞ்சம் கூடினால் நேரம் எவ்வளவு சரிகிறது, பாருங்கள். அவருக்குக் கையில் ஒன்றுமில்லை. நான் டேங்கைத் தட்டித் தட்டி, ஐந்தாவது தட்டலில்தான் நிமிர்ந்தார்.

உப்புக்காற்று, நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். முதலில், டேங்க் அழுத்தத்தை வயர்லெஸ்ஸில் காட்டும் வசதிக்காகப் பணம் கொட்டவேண்டாம். கேஜ் இருக்கிறது, அது போதும். ஆரம்ப விலைக் கம்ப்யூட்டர்களும் ஆழம், நேரம், என்.டி.எல், ஏறும் வேகம் எல்லாம் காட்டும். நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றுக்கான வசதியும் இருக்கும். ஷியர்வாட்டர் பெரெக்ரின் அருமையான பொருள்தான், வண்ணத்திரை, நைட்ரஜனைக் கணக்கிட பூல்மன் முறை, எவ்வளவு எச்சரிக்கையாகக் கணக்கிடவேண்டும் என்பதையும் (கிரேடியன்ட் ஃபேக்டர்) நாமே மாற்றலாம். ஆனால் உங்கள் பட்ஜெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தப் பணத்தில் டைவ் போங்கள்.

அப்புறம் பேட்டரி. நாமே மாற்றக்கூடியதா என்று பார்த்து வாங்குங்கள். சர்வீசுக்கு அனுப்பிவிட்டுச் சீசன் முழுக்கக் காத்திருந்தவர்கள் உண்டு. மாற்றும்போது மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். விரல் நுனியால் தடவிப் பார்த்து, சிலிகான் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மூடுங்கள். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள்.

கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஆக்சிஜன் அளவைத் தண்ணீரில் குதிக்கும் முன் பாருங்கள். நேற்று 32 சதவீதம் வைத்ததை மறந்துவிட்டு இன்று சாதாரணக் காற்றோடு இறங்கினால், கம்ப்யூட்டர் உண்மையைவிட அதிக நிமிடம் காட்டும். வாடகைக் கம்ப்யூட்டரில் இது இன்னும் மோசம், முன்னால் கட்டியவர் என்ன வைத்தார் என்று நமக்குத் தெரியாது.

இன்னொன்று. இரண்டு கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் ஒரே எண்ணைக் காட்டாது, கணக்குப் போடும் முறை வேறு. எது குறைவாகக் காட்டுகிறதோ இருவரும் அதன்படி ஏறவேண்டும். உங்கள் படகில் நடந்தது அதுவல்ல, அது வேறு ஆளின் நைட்ரஜன். ஆனால் சொந்தமாக வாங்கிய பிறகும் பக்கத்திலிருப்பவர் எண்ணோடு வித்தியாசம் வரும். அப்போது பதறவேண்டாம். பல நாள் டைவ் முடித்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது விடுங்கள்.

கரையோரம்

ஆமைக்காரர் கதையை ஒத்துக்கொள்கிறேன். அதுபோல ஒரு முறை நானும் கைடைவிடக் கீழே போயிருக்கிறேன். எவ்வளவு கீழே என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

முத்துநகர்

இங்கே எல்லோரும் சுற்றுலா டைவ் பற்றிப் பேசுகிறீர்கள். என் கதை வேறு, ஆனால் இதே பொருள்தான்.

என் மாமா தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். படகில் கம்ப்ரசர் ஓடும், குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். 20 வருடமாக இதுதான் தொழில். கையில் கட்டுவது எதுவும் கிடையாது. ராத்திரி முழங்காலில் எண்ணெய் தேய்க்காமல் தூங்கமாட்டார். வாதம் என்பார்.

நான் டைவிங் படித்து, முதல் சம்பளத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். இருப்பதிலேயே மலிவானது. ஊருக்குப் போனபோது மாமா கையில் கட்டிவிட்டேன். சாயங்காலம் திரும்பியவர் வாசலிலேயே கழற்றிக் கொடுத்தார். "என்னல இது, ஏறி வரும்போதெல்லாம் கத்திக்கிட்டே கெடக்கு?"

லாக்கைத் திறந்தேன். 18.2 மீட்டர். 2 மணி 50 நிமிடம். நிற்கவேண்டிய இடங்களில் எங்கேயும் நிற்கவில்லை, நேராக மேலே. மேலே 'ஐந்து மீட்டர்' என்ற நண்பர் 56 நிமிடம்தான் என்று சொன்ன அதே 18 மீட்டர். என் கை நடுங்கியது. மாமா எட்டிப் பார்த்தார். 18 என்றால் எத்தனை பாகம் (விரித்த இரண்டு கைகளின் நீளம்) என்று கேட்டார். பத்து என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பத்துப் பாகம்னு நான் கயித்தப் பாத்துச் சொன்னேன், இதுவும் அதத்தான் சொல்லுது பாரு."

ஏறும்போது ஏன் கத்தியது என்று விளக்கினேன். நிமிடத்துக்கு 9, 10 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக்கூடாது, கம்ப்யூட்டர் சொல்லும் இடங்களில் அது சொல்லும் நேரம் நின்று வரவேண்டும், அப்போதுதான் உடம்பில் ஏறிய நைட்ரஜன் மெல்ல வெளியேறும், முழங்கால் வலிக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று சொன்னேன். எல்லாம் கேட்டுக்கொண்டார். நின்னா குளிர் தாங்காதுல என்றார்.

உப்புக்காற்று

முத்துநகர், இதைப் படித்த பிறகு எனக்கு மாடல் பற்றிப் பேசவே தோன்றவில்லை. மாமா இப்போது அதைக் கட்டுகிறாரா?

முத்துநகர்

நான் கிளம்பும் வரை நடந்ததைச் சொல்கிறேன். ஏறும்போது கட்டாயம் நிற்கவேண்டிய டெகோ ஸ்டாப்பைத் தவறவிட்டதால் கம்ப்யூட்டர் 48 மணி நேரம் பூட்டிக்கொண்டது. அது வேலை செய்யும் விதமே அப்படித்தான், கோளாறு இல்லை. நான் அதைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, பூட்டுத் திறந்ததும் கட்டிக்கொண்டு போங்கள், அதுவரை இறங்காதீர்கள் என்று மாமாவிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எடுத்துப் பார்த்தேன், எண்கள் மறுபடி வந்திருந்தன. மாமா விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தார்.