சபைக் கூட்டத்தில் வைத்த கையெழுத்து: திருகோணமலை அனுபவங்கள்

(ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதை எழுதியவரின் இடப்பெயர்.)

உட்துறைமுகம்

மாரிக்கு முதல் வடிகான் கட்டுவதென்று ஒரு சபை கூட்டிய கூட்டம். கோயில் மண்டபம், வரவுத்தாள், ரீ.ஓ.வின் (சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர்) விளக்கம், தேநீர். எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்குதான். சுவரில் ஒட்டியிருந்த படத்துக்குக் கிட்டப் போன ஒரு வயதான அம்மா விரலை வைத்துக் கேட்டா: "தம்பி, வாய்க்கால் இந்த முடக்கோட நிக்குது. மதகு அங்கால எல்லோ கிடக்கு?" ரீ.ஓ. படத்தைத் திரும்பிப் பார்த்தார். "அது இரண்டாம் கட்டத்தில வரும் அம்மா" என்றார். முடக்குக்கும் மதகுக்கும் இடையில் ஏறத்தாழ 40 மீற்றர்.

அந்தக் கேள்வி கூட்ட அறிக்கையில் இல்லை. வரவுத்தாள் மட்டும் "பயனாளிகள் சம்மதம்" என்று கோப்பில் ஏறிவிட்டது. இன்றைக்கும் நெஞ்சில் நிற்பது அந்த விரல்தான். ஒட்டியிருந்தது மேலிருந்து பார்க்கும் படம் மட்டும். நீள்வெட்டுப் படம், அதாவது வடிகானின் நீளம் முழுக்க நிலமும் அடியும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று காட்டும் படம், இல்லை. 200க்கு 1 சரிவு என்றால் 100 மீற்றருக்கு அரை மீற்றர் இறங்க வேண்டும். கடலோரத் தாழ்நிலத்தில் அந்த அரை மீற்றர் கிடைக்குமா, வடிகான் முடியும் இடத்தில் அதன் அடிமட்டம் (அடிப்பகுதியின் உயரம்) மதகின் அடிமட்டத்துக்கு மேலே நிற்குமா என்பதை நீள்வெட்டு இல்லாமல் ஒருவராலும் சொல்ல ஏலாது. கீழே நின்றால் வடிகான் நீளமான தொட்டியாகிவிடும், பிறகு நுளம்புதான்.

பாலையூற்றுப் பக்கம்

இதனால்தான் வரவுத்தாளில் கையெழுத்து வைக்கவே கூடாது என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்குச் சொல்லுவோம். பஸ் தரிப்பிடத்தை இடம் மாற்றும் கூட்டம் ஒன்றிலும் இதே கதை. எதிர்த்துப் பேசிய பதினைந்து பேரின் கையெழுத்தும் ஆதரவுக் கணக்கில் வந்தது. கையெழுத்து வைக்காமல் எழும்பி வாங்கோ.

மட்டிக்களி

மேலே சொன்னதை ஏற்க முடியாது. கையெழுத்து வைக்காவிட்டால் நீங்கள் வந்ததற்கே சாட்சி இல்லை. பிறகு "ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். வையுங்கோ, ஆனால் பெயருக்குப் பக்கத்தில் "வருகைக்கு மட்டும்" என்று எழுதி வையுங்கோ. தாளின் தலைப்பு வெறுமையாக இருந்தால், கூட்டத்தின் பெயரையும் திகதியையும் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு ஒப்பமிடுங்கோ. வெறுந்தலைப்புத்தான் பிறகு சம்மதப் பத்திரமாக மாறுகிறது. முழுப் பக்கத்தையும் போனில் படம் எடுங்கோ.

கூட்டத்தில் வாயால் சொன்னதை மூன்று நாலு நாளுக்குள் கடிதமாக்க வேண்டும். இரண்டு பிரதி. ஒன்றைச் சபையில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கோ. முத்திரை குத்த மறுத்தால் பதிவுத் தபால், அந்தத் துண்டைக் கடிதப் பிரதியோடு பின் அடித்து வையுங்கோ. ஒரு கடிதத்தில் ஒரு விசயம் மட்டும். வடிகான், தெருவிளக்கு, குப்பை மூன்றையும் ஒன்றாக எழுதினால் அது மூன்று பகுதிக்கும் சுற்றி எங்கேயும் தங்காது.

அடுத்தது தகவல் அறியும் உரிமை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தகவல் கேட்கும் ஆர்.ரி.ஐ. 01 படிவம் கட்டாயம் இல்லை, தேவையான விபரம் இருந்தால் சாதாரணக் கடிதமே போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் விட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுக்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. சனம் பிழை விடுவது கேள்வியில்தான். "ஏன் வடிகானை இடையில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் மழுப்பலாக ஒரு பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கோ: கூட்ட அறிக்கை, மதிப்பீடு, அளவுப் பட்டியல் (எந்த வேலை எவ்வளவு என்ற கணக்கு), மட்ட அளவுகளோடு நீள்வெட்டுப் படம். இந்த நாலும் கையில் இருந்தால் ஏன் என்ற கேள்விக்கு விடை அதுக்குள்ளேயே கிடக்கும்.

கொட்டியாரம்

எங்கள் பக்கம் நடந்தது வேறு மாதிரி. நகர அபிவிருத்தித் திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பெரிய வண்ணப்படம் ஒன்று. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் வீட்டைத் தேடிவிட்டுப் போனார்கள். ஒரு விவசாயி மட்டும் குளத்தில் தொடங்கி, வாய்க்கால் வழியே விரலை இழுத்துக்கொண்டு வந்து தன் வயலில் நிறுத்தினார். வயல் குடியிருப்பு நிறத்தில் கிடந்தது. "என்ர காணிக்கு மேல யார் வீடு கட்டினது?" என்று அங்கே நின்ற பிள்ளையிடம் கேட்டார். அந்தப் பிள்ளை குறிப்புக் கொப்பியை நீட்டியது. அவர் எழுதினது "இது வயல்" என்று இரண்டே சொல்.

நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படி (1978, இலக்கம் 41, பிறகு 1982இல் திருத்தியது) வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபனை சொல்ல 60 நாள். அந்த இரண்டு சொல்லை வைத்து எந்த அலுவலரும் நிறத்தை மாற்ற மாட்டார். கிராம அலுவலர் பிரிவு, நில அளவைப் பட இலக்கம், உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், இப்போது என்ன செய்கை, எந்த வலயத்துக்கு மாற்ற வேண்டும், இவ்வளவும் வேண்டும். ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்காரர் எல்லாரும் கமக்காரர் அமைப்பின் ஊடாகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் பலம். தனி ஒருவருடைய காணியைத் தனிப் பிரச்சினை என்று ஒதுக்கலாம், ஒரு வாய்க்காலை ஒதுக்குவது கடினம்.

மணிக்கூட்டுச் சந்தி

கொட்டியாரம் சொன்ன 60 நாள் உரிமை வடிகானுக்கு வராது, ரெண்டையும் குழப்பாதேங்கோ. சின்ன வேலைகள் சபையின் வரவுசெலவுத்திட்டத்தில்தான் முடிவாகின்றன. கூட்டம் போடும்போது மதிப்பீடு எழுதி, காசு ஒதுக்கி எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் நீளம் கூட்டச் சொன்னால் "இரண்டாம் கட்டம்" என்பதைத் தவிர ரீ.ஓ.விடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்தாளில் கோபித்துப் பயனில்லை.

அடுத்த ஆண்டுக்கான திட்டம் கார்த்திகை, மார்கழியில் சபைக்கு வரும். உங்கள் கோரிக்கை ஆவணி, புரட்டாதியில் போய்ச் சேர வேண்டும். சனசமூக நிலையத்தின் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானமாக, பதிவிலக்கத்தோடு போனால் தனிக் கடிதத்தை விட எடுபடும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் குழுக்கள் என்று ஒரு வழி இருக்கு: நிதி, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்பச் சேவை, சுற்றாடல். அதில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. 2023 பங்குனியில் சபைகள் கலைந்து 2025 வைகாசித் தேர்தல் வரைக்கும் செயலாளர்களே நடத்தியதில், இந்தக் குழுப் பழக்கம் பல இடத்தில் அற்றுப்போச்சு. இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார். அவரிடம் தொழில்நுட்பச் சேவைக் குழுவில் ஊரவர் இருவருக்கு இடம் கேளுங்கோ.

நெல்சிப் (வடக்கு கிழக்கு உள்ளூராட்சிச் சேவை மேம்பாட்டுத் திட்டம்) நடந்த காலத்தில் ஊரவரைக் கூப்பிட்டு முன்னுரிமைப் பட்டியல் போடுவித்தார்கள். பழைய பட்டியல் சபையில் கிடக்கலாம், உங்கள் வடிகான் அதில் இருந்தால் அதன் பிரதியைக் கோரிக்கையோடு இணையுங்கோ.

சம்பூர்க் கரை

பெரிய திட்டமென்றால் வழி வேறு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள். சம்பூர் நிலக்கரி மின்னிலையத்துக்கு அறிக்கை வந்தது, ஆட்சேபனையும் போனது, வழக்கும் நடந்தது. 2016இல் திட்டத்தைத் தொடரப் போவதில்லை என்று அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. அறிக்கை பல நூறு பக்கம், முழுக்க வாசிக்க நாள் போதாது. மாற்று இடங்கள் பற்றிய பகுதியையும் மீன்பிடி பற்றிய பகுதியையும் முதலில் எடுத்துப் பக்க இலக்கத்தோடு எழுதுங்கோ.

மட்டிக்களி

உட்துறைமுகம், உங்கட வடிகானுக்கு இன்னும் நேரம் இருக்கு. கடைசி 20 மீற்றருக்குக் கொங்கிறீற்று போடுவதற்கு முதல் மட்டக் கருவியோடு வந்து மதகின் அடிமட்டத்தை அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கோ. கொங்கிறீற்று இறுகின பிறகு உடைக்க எந்தச் சபையிடமும் காசு இராது, போடுவதற்கு முதல் என்றால் அடிமட்டத்தை மாற்றலாம். கடிதத்தின் ஒரு பிரதி ஒப்பந்தகாரருக்கும் போகட்டும். ஒப்பந்தகாரர் தன் வேலையின் பிழையைத் திருத்திக் கொடுக்க வேண்டிய காலம் பெரும்பாலும் ஒரு வருசம், மாரியில் தண்ணி தேங்கினால் அந்த வருசத்துக்குள் படமும் திகதியும் வைத்து முறையிடலாம்.