சனிக்கிழமை ஏழு மணி, இரண்டு பிரம்புகள்

டிரேசி, கலிபோர்னியா

எட்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் எஸ்கிரிமா கற்றுக்கொடுக்கிறேன். அர்னிஸ், காளி என்றும் சொல்லப்படும் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கம்புக் கலை இது. முதலில் ஏழரை மணி என்றுதான் வைத்திருந்தேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "சனிக்கிழமையும் அதுவுமாய் ஏழரையா? ஏழு என்று வை" என்றார். அப்படியே வைத்தேன். கோடையில் அந்த அரை மணி நேரம் பெரிய உதவி. ஜூலை மாதத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும் பள்ளத்தாக்கு இது.

வார நாட்களில் விடியுமுன் எழுந்து ஏஸ் ரயிலைப் பிடித்து சான் ஹோசே பக்கம் வேலைக்குப் போகிறேன். அல்டமான்ட் மலைகளைத் தாண்டிப் போய்த் திரும்புவதற்கே நாளில் நான்கு மணி நேரம் கரைந்துவிடுகிறது. மனைவிக்கு மருந்தகத்தில் வேலை, வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் தமிழ்ப் பள்ளி. இதற்கு நடுவில் வகுப்பு வேறா என்று கேட்காத உறவினர் இல்லை.

என் ஆசிரியர் ஸ்டாக்டனில் இருந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். வீட்டின் கொல்லைப்புறத்தில் நான்கைந்து பேருக்குச் சொல்லிக்கொடுப்பார். உள்ளே நுழைந்ததும் அவருடைய கையை எடுத்து நம் நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். 'மானோ' என்பது அந்த வணக்கத்தின் பெயர். உடனே அவர் கேட்பது, "குமாய்ன் கா நா பா?" சாப்பிட்டாயா என்று பொருள். எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வி. நான் அந்தக் கொல்லையை விட்டு நகராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1920களிலும் 30களிலும் இங்கே வந்த பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் ஸ்டாக்டனைச் சுற்றியுள்ள டெல்டா நிலங்களில் நாள் முழுவதும் குனிந்து அஸ்பாரகஸ் அறுத்தார்கள். 'மனோங்' என்று அவர்களை அழைப்பார்கள். இலோகானோ மொழியில் அண்ணன். அவர்களோடு வந்த பெண்கள் மிகக் குறைவு. வெள்ளைப் பெண்களை அவர்கள் மணக்கக்கூடாது என்று 1933இல் கலிபோர்னியா சட்டத்தைத் திருத்தியது. 1948இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளும்வரை அந்தத் தடை இருந்தது. பலர் தனிக்கட்டையாகவே விடுதி அறைகளில் முதுமை அடைந்தார்கள். கம்பு தெரிந்தவர்கள் அதை வெளியே காட்டாமல் தங்களுக்குள் பொத்தி வைத்திருந்தார்கள். பனாய் தீவின் அன்டிகேயில் பிறந்த ஏஞ்சல் கபாலெஸ் 1966இல் ஸ்டாக்டனில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று பள்ளி திறந்தார். லியோ ஹிரோன் 1968இல் எங்கள் டிரேசியிலேயே தொடங்கினார். இவர்கள் கதவைத் திறந்திராவிட்டால் என் கைக்கு இந்தப் பிரம்பு வந்திருக்காது.

வகுப்பு தொடங்கிய புதிதில், குடும்பம் குறுக்கே நிற்கிறது என்று ஒருநாள் ஆசிரியரிடம் அலுத்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குக் கற்றுக்கொடுத்தவருக்குக் குறுக்கே நிற்க யாருமே இல்லை" என்றார். அதற்குமேல் எதுவும் பேசாமல் உணவு எடுத்துவைக்கப் போய்விட்டார். நான் கொல்லையில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் வாரத்தில் மூன்று நாள் வகுப்பு வைத்திருந்தேன். செவ்வாய், வியாழன் மாலையில் ரயில் தாமதமாகும். மாணவர்கள் இருட்டில் காத்திருப்பார்கள். பாதி வழியில் "இன்று இல்லை" என்று செய்தி அனுப்புவேன். பதினொரு பேர் மூன்று பேரானார்கள். ஒரு வியாழக்கிழமை மகளின் பள்ளி நாடகத்தையும் பார்க்கத் தவறினேன். பூங்காவில் அன்று யாருமே வரவில்லை. மனைவி சண்டை போடவில்லை. "சனிக்கிழமை காலை உங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடையது, மற்ற நாட்கள் குழந்தைகளுடையவை" என்று சொன்னாள். அன்றிலிருந்து வாரத்தில் ஒரே வகுப்பு. ஆனால் அந்த ஒன்று நிற்காது. குளிர்காலத்தில் எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கும் நாளிலும் நடக்கும். எனக்குக் காய்ச்சல் என்றால் மூத்த மாணவி ஒரு மணி நேரம் சினவாலி நடத்துவாள்.

சினவாலி பற்றிச் சொல்லியாக வேண்டும். சவாலி என்பது மூங்கில் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி, நாட்டுப்புற வீடுகளின் சுவர். ஆளுக்கு இரண்டு பிரம்பு, கைக்கு ஒன்றாகப் பிடித்து, எதிரெதிரே நின்று, தட்டி பின்னுவதுபோல் மேலும் கீழும் மாற்றி மாற்றி அடிப்பது சினவாலி. வலம் மேல், இடம் மேல், வலம் கீழ் என்று ஆறு எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் பத்து வயதுப் பையனும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கலாம். வேகம் கூடும்போது பிரம்பிலிருந்து கருகல் வாசனை வரும். வேலையில் பட்ட எரிச்சல் எதுவும் அந்தத் தாளத்துக்குள் நுழைய முடியாது. எண்ணிக்கை தவறினால் விரல் முட்டிதான் பதில் சொல்லும். சமூக வகுப்புக்கு இதைவிட நல்ல முதல் பாடத்தை நான் காணவில்லை.

ஒரு தவறையும் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில், வியர்த்த கையிலிருந்து ஒரு பிரம்பு நழுவிப் பறந்து பதினான்கு வயதுப் பையனின் புருவத்தில் விழுந்தது. நான்கு தையல். கண்ணுக்கு அரை அங்குலம் மேலே. பாதுகாப்புக் கண்ணாடிகள் என் காரில்தான் இருந்தன. அணியச் சொல்லவில்லை, அவசரம். அந்தப் பையனின் தாயிடம் பேசிய அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னை விடவில்லை. அவர்கள் திரும்பி வரவில்லை. இப்போது கண்ணாடி இல்லாமல் பிரம்பு இல்லை. விபத்துக் காப்பீடும் பூங்காத் துறை அனுமதியும் எடுத்திருக்கிறேன். மாணவர்கள் தரும் கட்டணம் அதற்கே சரியாகப் போகிறது.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் இப்படி வகுப்பு நடத்துகிறவர்களும் நடத்தியவர்களிடம் கற்றவர்களும் எழுதுங்கள்.

சிங்கப்பூர்

அண்ணா, நான் தாதி. மூன்று நேரச் சுழற்சி வேலை. என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழி பகோலோடில் கல்லூரியில் படிக்கும்போது மாடர்ன் அர்னிஸ் கற்றவள். அவளை நான் 'ஆத்தே' என்று கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். மாடர்ன் அர்னிஸ் முறையை வகுத்த ரெமி பிரெசாஸ் அவர்கள் நீக்ரோஸ் தீவுக்காரர். பழைய பயிற்சியில் எதிராளியின் கையையே அடிப்பார்கள். இளையவர்கள் வலி தாங்காமல் ஓடினார்கள். கையை விட்டு பிரம்பைப் பிரம்பால் அடிக்கும்படி அவர் மாற்றினார். மறுநாள் நோயாளிக்கு ஊசி போட வேண்டிய கைகள் எங்களுடையவை. அந்த மாற்றம் இல்லையென்றால் நாங்கள் இதைத் தொட்டிருக்கவே முடியாது.

மாதத்தில் இரண்டாவது, நான்காவது ஞாயிறு மாலை நான்கு மணி. முதலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்தினோம். பிரம்புச் சத்தம் தூண்களில் மோதி மேலே ஏறியது. மூன்றாம் மாடியில் இருந்த பெரியவர் இறங்கி வந்து, மனைவி உடல்நலமில்லாமல் படுத்திருப்பதாகச் சொன்னார். தாதிகளான நாங்கள் அதை யோசித்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு, அடுத்த முறையிலிருந்து சமூக மன்றத்தில் ஓர் அறை எடுத்தோம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பணிப்பெண்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது அவர்களுக்குக் கட்டாயம் ஓய்வு தர வேண்டும், அதைப் பணமாகக் கொடுத்து ஈடுகட்டக்கூடாது என்று இங்கே விதி. அந்த ஓய்வு நாளில்தான் அவர்கள் தேவாலயம் போக வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளைகளோடு பேச வேண்டும். அதில் இரண்டு மணி நேரத்தை எங்களுக்குத் தருகிறார்கள். இதை நினைத்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகப் போக மனம் வராது.

அவர்களில் ஒருவர் கைபேசியை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் பயிற்சி செய்வார். மறுமுனையில், பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் அவருடைய மகன், ஏழு வயது, இரண்டு துடைப்பக் கட்டைகளோடு நிற்பான். இவர் அங்கே பார்த்து எண்ணுவார், அவன் அடிப்பான். தொடர்பு அறுந்து படம் உறைந்துவிட்டால், திரும்ப வரும்வரை இவர் அதே நிலையில் பிரம்பை உயர்த்தியபடி காத்திருப்பார். நாங்களும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

என் பிள்ளைகளை அந்த நேரத்தில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். முதல் ஆண்டு அவருக்கு இதில் பிடித்தமில்லை. ஒருநாள் அறைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். வீட்டுக்கு வந்து, "அந்தப் பெண்களுக்கு அடுத்த முறை ஏதாவது செய்து எடுத்துப் போ" என்றார். இப்போது நான்காவது ஞாயிறுதோறும் ஒரு பெரிய பாத்திரம் புளிச்சாதம் போகிறது. அவர்கள் பன்சிட் என்னும் நூடுல்ஸ் கொண்டுவருவார்கள்.

துபாய்

சுருக்கமாக எழுதுகிறேன். அல் கிசைஸில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் அறையை மணிக்கணக்கில் எடுத்து வெள்ளிக்கிழமை காலை நடத்திவந்தோம். 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. அலுவலகக்காரர்கள் ஞாயிறு வேண்டும் என்றார்கள். கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பர்களுக்கோ விடுமுறை ஆளுக்கொரு நாள். ஆறு மாதம் வகுப்பு சிதறிக் கிடந்தது. கடைசியில் புதன் இரவு பத்தரை மணி என்று வைத்தோம். அந்த நேரத்தில் யாரும் வேலையில் இல்லை, பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். தூக்கம் கெடுகிறதுதான். ஆனாலும் இந்தக் கலையைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் வர முடியாத வகுப்பை நடத்த எனக்கு விருப்பமில்லை.

மதுரை

நான் நடத்தியவன் அல்லன், கற்றவன். பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படித்தேன். அங்கே எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். 2009 டிசம்பரில் வந்த 9850ஆம் எண் சட்டத்தால் அர்னிஸ்தான் அந்த நாட்டின் தேசியத் தற்காப்புக் கலையும் விளையாட்டும். ஆனால் நான் கற்றது பதக்கம் வாங்குகிறவர்களிடம் அல்ல. பகலில் டிரைசிகிள் ஓட்டும் ஒருவரிடம். இருட்டியதும், பரங்காய் என்று அங்கே சொல்லும் ஊர்ப் பிரிவின் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலின் ஒரு மூலையில் வகுப்பு. ஊரில் ஒரு சாவு என்றாலும், திருவிழா என்றாலும், பந்தயம் என்றாலும் திடல் நமக்கில்லை. அப்போது சாலை விளக்கின் கீழே நடக்கும். அவர் ஒருநாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை.

திடலின் ஓரத்தில் அவர் மனைவி குச்சியில் கோத்த இறைச்சியைச் சுட்டு விற்பார். அடுப்புக் கரி தீரும் நேரம்தான் எங்கள் வகுப்பு முடியும் நேரம். கடிகாரம் பார்த்ததே இல்லை. கரி சாம்பலானதும் ஆசிரியர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு மேசையைத் தூக்கப் போவார், நாங்களும் போய்த் தூக்குவோம். இளைய மகள் அதற்குள் பெஞ்சில் தூங்கியிருப்பாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அன்றைய தவறுகளை ஒவ்வொருவருக்கும் தாழ்ந்த குரலில் சொல்வார். வேலை, குடும்பம், கலை என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிரம்பு அலமாரியின் மேல் கிடக்கிறது. எங்கள் குடியிருப்பில் மாலையில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தொடங்க எத்தனை பேர் வேண்டும்? எனக்குக் கற்பிக்கத் தகுதி இருக்கிறதா என்ற தயக்கமும் இருக்கிறது.

டிரேசி, கலிபோர்னியா

டாக்டர் தம்பி, இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் நீங்கள். தகுதி பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. அதை உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டு, இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். நான் கேட்டபோது என் ஆசிரியர் முதல் ஆறு மாதத்துக்குச் சினவாலியும் காலடியும் தவிர வேறெதுவும் கூடாது என்று வரம்பு போட்டார். அந்த வரம்புதான் என்னைக் காப்பாற்றியது.

மதுரையில் சிலம்பக் கம்பு விற்பவர்களிடம் கேட்டால் பிரம்பு கிடைக்கும். ஓர் அங்குலக் கனத்தில், தோல் சீவாததாகப் பார்த்து 28 அங்குலத்துக்கு வெட்டித்தரச் சொல்லுங்கள். மூங்கில் வேண்டாம். பிரம்பு அடிபட்டால் நார்நாராகப் பிரியும், மூங்கில் பிளந்தால் கத்தி. பிரியத் தொடங்கும் இடத்தில் மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினால் இன்னும் சில மாதம் உழைக்கும். கண்ணாடியை முதலில் வாங்குங்கள், பிரம்பைப் பிறகு.

நேரத்தை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இருக்கும்போது கேளுங்கள். அவர்கள் தரும் நேரம் அரை மணியே என்றாலும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்த் தங்கை எழுதியதை நேற்றிரவு வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மகன் எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தான். அந்த இலோய்லோ பையன் கட்டையை எந்த இடத்தில் பிடிக்கிறான் என்று கேட்கச் சொல்கிறான். முடிந்தால் கேட்டு எழுதுங்கள்.