தூண் பாறையில் பன்னிரண்டு படம்

கொடைக்கானல் தூண் பாறைக்கு யாஷிகா மேட் 124ஜி-யைத் தூக்கிக்கொண்டு போன அனுபவம் இது. கேமரா என் தாய்மாமாவுடையது. ஒரு 120 பிலிம் ரோலில் சதுரமாகப் பன்னிரண்டே படம். வெளிச்சத்தை அளக்கும் அதன் லைட் மீட்டருக்கு வேண்டிய பாதரச பேட்டரி இப்போது விற்பனைக்கு வருவதில்லை. அதனால் போனில் ஒரு மீட்டர் ஆப்.

நவம்பர் மாதம், காலை ஒன்பதரை இருக்கும். தடுப்புக் கம்பியை ஒட்டி டிரைபாடை நிறுத்தினேன். கிட்டத்தட்ட 400 அடி உயரப் பாறைகள் மூன்று எதிரே நிற்கின்றன, ஆனால் கண்ணுக்கு வெறும் வெள்ளைதான். குனிந்து கேமராவின் மேல் கண்ணாடியில் பார்த்தபோது இடப்பக்கம் மேகம் விலகுவதுபோல் இருந்தது. கேமராவை அந்தப் பக்கம் திருப்பிக் காத்திருந்தேன். அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்பது எனக்குப் பழக்கமான விஷயம்தான். மரமோ வீடோ இருந்தால் மனமே சரிசெய்துகொள்ளும். வெள்ளைக்குள் வெள்ளை நகரும்போது அதற்குப் பிடிமானமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வலப்பக்கப் பாறை வெளியே வந்து மறுபடி மறைந்துகொண்டிருந்தது.

"தம்பி, யாஷிகாதானே அது?"

மஃப்ளர் சுற்றிய பெரியவர். ஒருகாலத்தில் இதே இடத்தில் சுற்றுலா வருபவர்களை ரெட்டை லென்ஸ் கேமராவில் படம் எடுத்துக் கொடுத்தவராம். லென்ஸில் நான் மாட்டியிருந்த ஆரஞ்சு பில்டரைப் பார்த்தார். "அதக் கழட்டிருங்க. தூரத்து மலையில நீலமா புகை மாதிரி நிக்கும் பாருங்க, அதுக்குத்தான் இது. மேகத்த வெட்டாது."

அவர் சொன்னது சரி. தூரத்து மங்கலில் இருப்பவை மிக நுண்ணிய துகள்கள், அவை நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். ஆரஞ்சு பில்டர் அந்த நீலத்தைத் தடுத்துவிடும். மேகத்தில் இருப்பவை நீர்த்துளிகள். அளவில் பெரியவை என்பதால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். பில்டரால் அங்கே வெளிச்சம் குறைவதுதான் மிச்சம்.

அப்புறம் மீட்டர் ரீடிங் கேட்டார். லென்ஸ் துளை எப் 11-க்கு 1/15 நொடி என்றேன். "எட்டுல ஒண்ணு வைங்க" என்றார். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும், முழு வெள்ளைக்கு முன்னால் அது படத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைக் குறைத்துத்தான் சொல்லும். ஐயா சொன்னபடியே 1/8 நொடி வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க 1/15-லும் ஒன்று எடுத்தேன்.

நாற்பது நிமிடம் போயிருக்கும். நடுப்பாறையின் தலை மட்டும் முதலில் வந்தது, கீழே எதுவும் இல்லை. இடுக்கு வழியாக மேகம் ஒரு கயிறு போல ஏறியது. பாறை எடையே இல்லாததுபோல் நின்றது. கேபிள் ரிலீஸை அழுத்திய விரல் நடுங்கியது, குளிரால் மட்டும் இல்லை.

சென்னைக்கு வந்து நானே ரோலைக் கழுவினேன். எச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம், ஐடி-11 டெவலப்பர். நம் ஊர்த் தண்ணீரை 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி வேண்டும். மேகத்தில் கான்ட்ராஸ்ட் தட்டையாகிவிடும் என்பதால் ஏழரை நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம் கொடுத்தேன். காய்ந்த நெகட்டிவ்களை விளக்குப் பலகையில் வைத்துப் பார்த்தேன். 1/15-ல் எடுத்ததில் பாறையடிச் சோலை இருந்த இடம் வெற்றுப் பிலிம். 1/8-ல் எடுத்ததில் அங்கே மரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.