எஸ்டீம் ஹெடருக்கு வெப்பத் துணி சுற்றலாமா?

எஸ்டீம்_கோவை: 98 மாடல் மாருதி எஸ்டீம் கார். எஞ்சின் புகையை வெளியே எடுத்துப்போகும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 4-2-1 ஹெடர் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும்) போட்டிருக்கிறேன், மைல்டு ஸ்டீல். அவிநாசி ரோடு சிக்னலில் நின்றால் பானெட்டுக்குள் ஒரே அனல். ஃபைபர்கிளாஸ் துணி சுற்றிவிடலாமா? மெக்கானிக் அண்ணன் வேண்டாம் என்கிறார். காரணம் கேட்டால் சிரிக்கிறார்.

பெட்ரோல்தலை: அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். துணி சூட்டை வெளியே விடாது, சரி. அந்தச் சூட்டை முழுக்கக் குழாய்தான் தாங்கவேண்டும். மழைத்தண்ணீர் வேறு துணிக்குள் ஊறி நிற்கும். ஒரு பழைய ஹெடரில் பிரித்துப் பார்த்தேன்; துரு பட்டை பட்டையாக உதிர்ந்தது, வெல்டிங் ஓரத்தில் நகத்தால் சுரண்டினாலே ஓட்டை.

ரேலி_பையன்: போட்டி வண்டிகளில் சுற்றுகிறார்களே?

பெட்ரோல்தலை: அவர்களுக்கு ஹெடர் ஒரு சீசன் தாங்கினால் போதும் தம்பி. எஞ்சின் மேல்மூடியின் கேஸ்கெட்டில் (வால்வ் கவர் கேஸ்கெட்) ஆயில் கசிந்தால் துணி அதையும் குடித்துக்கொள்ளும், அப்புறம் தீதான். தினசரி வண்டிக்கு ஹெடர் மேல் சூட்டைத் தடுக்கும் செராமிக் கோட்டிங் நல்லது. செலவு அதிகம் என்றால் தகட்டு ஷீல்டு, நடுவே காற்றுக்கு இடம் விட்டு. அதற்கு முன்னால் ரேடியேட்டர் ஃபேன் நேரத்துக்கு ஓடுகிறதா பாருங்கள்.

எஸ்டீம்_கோவை: ஃபேனை நான் பார்க்கவே இல்லை. நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.