புதுப்பிப்பு: கல்லூரி அகப்பெல்லா குழுத் தேர்வு, சுருதி இறங்கும் பிரச்சினை தீர்ந்தது

அகப்பெல்லாவில், அதாவது வாத்தியத் துணை இல்லாமல், பாடினால் பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது, தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குழுவில் ஆல்ட்டோ (பெண் குரல்களில் தாழ்ந்த) குரலுக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள்.

கைகொடுத்தது, பாடி முடித்ததும் கீபோர்டில் ஆரம்ப சுரத்தை அழுத்திப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பாடுவதைப் பதிவு செய்து வரிவரியாக இப்படிச் சோதித்தால் நழுவும் இடம் பிடிபடும்: ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருமிடம், படிப்படியாக இறங்குமிடம், மூச்சு தீர்ந்துபோகும் வரி முடிவு. மூச்செடுக்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளியதும் வரி முடிவு நிலைத்தது. பாட்டை அரைச்சுரம் இறக்கிப் பாடுவது எனக்கு உதவவில்லை; அதே இடத்தில்தான் நழுவியது.

முதல் சுற்றில் ஸ்கேல் பாடவைத்துக் குரல் எல்லை பார்த்தார்கள். பிறகு தனிப்பாட்டு, ஒரு சரணமும் பல்லவியும் மட்டும். கடைசியாக நான்கைந்து சுரங்களை வாசித்து, அப்படியே திருப்பிப் பாடச் சொன்னார்கள்.

எதிர்பாராதது இரண்டாம் சுற்று. ஒரு பகுதியைக் காதால் கேட்டே கற்று, மற்ற மூன்று குரல்களோடு பாட வேண்டும். தனிப்பாட்டில் எடுபடும் கனமான வைப்ராட்டோ (நீட்டும் சுரத்தில் குரல் அலைவது) இங்கே கெடுதல். அதை எடுத்துவிட்டு, பக்கத்துக் குரல் 'ஆ'வை எவ்வளவு திறந்து பாடுகிறதோ அதே அளவு திறக்க வேண்டும். மேஜர் கார்டின் (C-E-G போல மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) மூன்றாம் சுரம், அதாவது நடுவிலுள்ள E, உங்களுடையது என்றால், கீபோர்டு காட்டுவதைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்கி வையுங்கள். கார்டு அப்போதுதான் ஒட்டும்.