புதுப்பிப்பு: சிறிய சிஎன்சி மெஷின்களில் புது வசதிகள் எப்படி வருகின்றன

வீட்டில் வைத்து ஓட்டும் சிஎன்சி ரவுட்டர்களை (கம்ப்யூட்டர் சொல்படி மரம், அலுமினியம் வெட்டும் மெஷின்களை) எந்த நிறுவனம் எப்படி மேம்படுத்துகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

ஷேப்போக்கோ என்ற ரவுட்டர் 2011-ல் ஓப்பன் சோர்ஸாக, அதாவது வரைபடங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, தொடங்கியது. ஷேப்போக்கோ 3-ல் இசட் அச்சு (வெட்டும் முனையை மேலும் கீழும் நகர்த்துவது) பெல்ட்டில்தான் ஓடியது. அதற்கு மாற்றாக பால் ஸ்க்ரூ (குண்டுகள் மேல் உருளும் நட்டு கொண்ட திருகு) வைத்த எச்டிஇசட் என்ற இசட் அச்சைத் தனிப் பாகமாக விற்றார்கள், அப்புறம் ஷேப்போக்கோ 5 ப்ரோவில் எல்லா அச்சுக்கும் பால் ஸ்க்ரூ வந்துவிட்டது.

கனடாவின் சியென்சி லேப்ஸ் வேறு மாதிரி. அவர்களுடைய லாங்மில் ரவுட்டரின் வரைபடங்கள், மெஷினை ஓட்டும் ஜிசெண்டர் மென்பொருளின் மூலநிரல் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. லாங்மில்லில் அச்சை நகர்த்தும் திருகில் ஓடும் டெல்ரின் (ஒரு கடினமான பிளாஸ்டிக்) நட்டைப் பாருங்கள், ஒரு வெட்டும் அதை இறுக்க ஒரு திருகும் இருக்கும், தேய்ந்து ஆட்டம் வந்தால் ஆலன் கீயால் லேசாகத் திருகினால் போதும்.

எனக்குப் பிடித்தது வரைபடத்தைத் திறந்து வைக்கும் இந்த வழிதான், ஏனென்றால் வரைபடம் கையில் இருந்தால் இங்கே கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறையில் அலுமினியத் தகட்டை மில்லிங் செய்து வாங்கிவிடலாம், பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பால் ஸ்க்ரூவுக்கு மாறினால் செட்டிங் மாற்றணுமா என்று ஈரோட்டு அண்ணன் கேட்டதற்கு: இசட்டில் பெல்ட்டுக்குப் பதில் பால் ஸ்க்ரூ மாட்டினால், மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $102 மதிப்பை (இசட் ஒரு மி.மீ. நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப் என்பதை) கட்டாயம் மாற்றணுங்க.